போரில் சிதைந்த நகரங்களை மீண்டும் எழுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நகரம் மீண்டெழுந்ததா என்று பார்க்க என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. போருக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், வந்தவர்களால் அங்கே காலூன்ற முடிந்ததா? புதிய கோபுரங்களும் அகலமான சாலைகளும் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள பதில்கள் அந்த நிலையில் நின்று எழுதப்பட்டவை.

போர் முடிந்த பிறகுதானே மறுகட்டுமானத்தைத் தொடங்க முடியும்?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வரலாற்றில் நடந்தது வேறு. 1940 மே 14 அன்று நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்தின் நடுப்பகுதி ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்து போனது. சுமார் 80,000 பேர் வீடிழந்தார்கள். நான்கே நாட்களில், விட்டெவீன் என்ற நகரத் திட்டவியலாளரிடம் புதிய திட்டம் வரையும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த மூன்றாம் நாள், 1945 ஆகஸ்ட் 9 அன்று, ஒரு சிறிய தடத்தில் டிராம் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

இந்த இரண்டு செய்திகளும் ஒன்றல்ல. டிராமை ஓட்டியது சரியான அவசரம். அத்தனை வேகத்தில் தொடங்கிய ரோட்டர்டாம் திட்டமோ கடைசியில் கைவிடப்பட்டது. 1946இல் வான் டிரா வகுத்த முற்றிலும் வேறான திட்டமே நடைமுறைக்கு வந்தது. நடுவில் கிடைத்த ஆறு ஆண்டுகள் அந்த நகரத்தை யோசிக்க வைத்தன.

ஆகவே வேலைகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். குடிநீர், மின்சாரம், மருத்துவமனை, ஆவணப் பாதுகாப்பு ஆகியவை ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதவை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியவை. மையச் சதுக்கம், பெரிய சாலை, வணிக வளாகம் ஆகியவற்றில் அவசரம் கூடாது, ஊர் திரும்பியவர்களிடம் கேட்டுச் செய்ய வேண்டும். பல நகரங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நகரத்தில் எதுவும் தனியாக நிற்பதில்லை. துணை மின்நிலையம் ஒன்று தாக்கப்பட்டால் பம்புகள் நிற்கும். பம்புகள் நின்றால் குழாயில் அழுத்தம் குறையும். விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே புகும். சில வாரங்களில் வயிற்றுப்போக்கு பரவும். அதற்குச் சிகிச்சை அளிக்க வேண்டிய மருத்துவமனையும் அதே தண்ணீரைத்தான் நம்பியிருக்கும். குண்டில் தப்பியவர்களைக் குழாய் கொல்வது இப்படித்தான்.

உக்ரைனின் மிக்கோலாயிவ் நகரத்தைப் பாருங்கள். நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர். 2022 ஏப்ரலில் அதற்கு நன்னீர் கொண்டுவந்த பெருங்குழாய் போரில் சேதமடைந்தது. தண்ணீர் நின்றே போனால் தீயை அணைக்கவும் முடியாது, கழிவறையும் இயங்காது. எனவே கழிமுகத்து உப்பு நீரை அதே குழாய்களில் விட வேண்டியதாயிற்று. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. குடிக்க முடியவில்லை, சமைக்க முடியவில்லை. தெருமுனைக் குழாய்களில் கேன்களோடு வரிசையில் நிற்பது மக்களின் அன்றாட வேலையானது. உப்பும் சும்மா இருக்கவில்லை. இரும்புக் குழாய்களை உள்ளிருந்து அரித்தது. ஒரு கசிவை அடைத்தால் அடுத்த தெருவில் இன்னொன்று கிளம்பியது. ஒரே ஒரு இடத்தில் விழுந்த அடி, ஊர் முழுக்க மண்ணுக்கடியில் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்தது.

ஒரே ஆதாரத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பெரிய நீரேற்று நிலையத்தோடு சிறிய ஆழ்துளைக் கிணறுகளும் வேண்டும். மருத்துவமனைக் கூரையில் சூரிய மின்தகடும் பேட்டரியும் வேண்டும். டீசல் வராத நாளில் ஜெனரேட்டர் வெறும் இரும்பு. 2022 அக்டோபரிலிருந்து மின்கட்டமைப்பின் மீது தாக்குதல் தொடர்ந்தபோது உக்ரைனிய மருத்துவமனைகள் பலவும் இந்த வழிக்கு வந்தன. பேரிடர் நிவாரணத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்பது பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட குறைந்தபட்ச அளவு. மறுகட்டுமானத் திட்டம் எதையாவது கையில் எடுத்தால், அந்த 15 லிட்டர் எங்கிருந்து, எந்த மின்சாரத்தில் வருகிறது என்ற பக்கத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்.

மலைபோல் குவிந்திருக்கும் இடிபாடுகளை என்ன செய்வது?

அள்ளிக் கொட்டுவதுதான் எளிது. அதைப் போன்ற வீண் வேறு இல்லை.

அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2017இல் போர் ஓய்ந்தபோது ஈராக்கின் மோசுல் நகரில் சுமார் 80 லட்சம் டன் இடிபாடு கிடந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. காசாவில் 2025 தொடக்கத்திலேயே அது 5 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. இதை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டுவது என்றால் எத்தனை ஆண்டு, எவ்வளவு டீசல், எவருடைய நிலம்?

மோசுலில் ஐ.நா. அமைப்புகளின் துணையோடு வேறு வழியை முயன்றார்கள். முதலில் வெடிபொருள் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். பிறகு உள்ளூர்த் தொழிலாளர்கள் நாள்கூலிக்குக் குவியலைப் பிரிக்கிறார்கள். கம்பி, மரம், பிளாஸ்டிக், துணி எல்லாம் தனித்தனியாகப் போகும். மிஞ்சும் கான்கிரீட்டையும் கல்லையும் அரவை இயந்திரத்தில் போட்டு நொறுக்கிச் சலித்தால், வெவ்வேறு அளவு ஜல்லியாகக் கொட்டும். அது சாலைக்கு அடித்தளமாகும். தரம் பார்த்துச் சேர்த்தால் கட்டுமானக் கல்லாகவும் வார்க்கலாம். வேலையில்லாத ஊரில் கூலியும், ஜல்லி கிடைக்காத ஊரில் ஜல்லியும் ஒரே குவியலிலிருந்து கிடைக்கின்றன.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. பழைய கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கலாம். அதை உடைத்தால் எழும் இழை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். நனைத்து, முகக்கவசத்தோடு, தனியே எடுத்துப் புதைக்க வேண்டும். இரண்டாவது, குவியலுக்குள் வெடிக்காத குண்டுகள் இருக்கலாம். மூன்றாவதைச் சொல்லவே மனம் கனக்கிறது: அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். உறவினர் வரும் வரை, அடையாளம் காணும் ஏற்பாடு தயாராகும் வரை, புல்டோசர் காத்திருக்கத்தான் வேண்டும். கால அட்டவணை தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

பெர்லினில் இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி டாய்ஃபெல்ஸ்பெர்க் என்ற குன்றே உருவாகிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 120 மீட்டர் உயரம். போலந்தின் தலைநகர் வார்சாவின் முரானூவ் பகுதியில், அழிக்கப்பட்ட யூதக் குடியிருப்பின் இடிபாட்டின் மேலேயே, அந்த இடிபாட்டை அரைத்து வார்த்த கற்களைக் கொண்டே வீடுகள் எழுந்தன. அவற்றை வடிவமைத்த போடன் லாஹெர்ட், அங்கே மாண்டவர்களின் நினைவு கட்டடத்திலேயே தெரிய வேண்டும் என்று விரும்பினார்.

கண்ணிவெடிகளும் வெடிக்காத குண்டுகளும் எவ்வளவு காலம் அச்சுறுத்தும்?

நாம் நினைப்பதைவிட மிக நீண்ட காலம். 2017 செப்டம்பரில் பிராங்பர்ட் நகரில் இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று அகப்பட்டபோது 60,000க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். போர் முடிந்து 72 ஆண்டுகள் கழித்து. எந்தக் கடைக்கால் தோண்டும் முன்பும் நிலத்தைச் சோதிப்பது செலவுக் கணக்கில் நிரந்தர இனமாக இருக்க வேண்டும்.

வீடே இடிந்துவிட்டால், நிலம் யாருக்குச் சொந்தம்?

எனக்கு வரும் கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். குண்டு ஒரு வீட்டை ஒரு முறைதான் இடிக்கும். சட்டம் அதை இரண்டாம் முறை இடிக்கலாம். அப்போது சத்தமே கேட்காது.

சிரியாவில் 2018இல் வந்த 10ஆம் எண் சட்டம் ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பகுதியை மறுவளர்ச்சி மண்டலமாக அறிவித்தால், அங்கே சொத்து வைத்திருப்பவர்கள் 30 நாட்களுக்குள் உரிமையை நிரூபிக்க வேண்டும் என்றது அதன் முதல் வடிவம். நாட்டு மக்களில் பாதிப் பேர் வீட்டைவிட்டு ஓடியிருந்த நேரம் அது. பெர்லினிலோ பெய்ரூட்டிலோ அகதியாக இருப்பவர் எந்த அலுவலகத்துக்கு, எந்தத் துணிச்சலில் வருவார்? கடும் எதிர்ப்புக்குப் பிறகு காலக்கெடு ஓராண்டாக நீட்டப்பட்டது.

பொஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் இதைவிடக் கொடிய கெடு இருந்தது. போர் முடிந்ததும், விட்டுச்சென்ற அடுக்குமாடி வீடுகளைத் திரும்பப் பெற உள்நாட்டில் இடம்பெயர்ந்தவருக்கு 7 நாள், வெளிநாட்டு அகதிக்கு 15 நாள். ஆனால் பொஸ்னியாவின் கதை அங்கே முடியவில்லை. போரை முடித்த 1995ஆம் ஆண்டு டேட்டன் அமைதி உடன்படிக்கையின் 7ஆம் இணைப்பு, ஒவ்வோர் அகதிக்கும் தன் சொந்த வீட்டைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு என்றது. பன்னாட்டு அழுத்தத்தால் அந்தக் கெடுச் சட்டங்கள் பின்னர் நீக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 2 லட்சம் வீடுகள் உரியவர்களிடம் திரும்பின. வாங்கியவர்களில் பலர் அங்கே குடியேறாமல் விற்றுவிட்டார்கள் என்பதும் உண்மைதான். இருந்தாலும், விற்பதா இருப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவர்கள் கையில் இருந்தது.

லெபனானின் தலைநகர் பெய்ரூட்டில் நடந்தது வேறு மாதிரி. 1975 முதல் 1990 வரை நீண்ட உள்நாட்டுப் போரில் அந்நகரின் மையம் சிதைந்தது. 1994இல் உருவான சோலிடேர் என்ற தனியார் நிறுவனத்திடம் அந்த மையம் முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. வீடும் கடையும் வைத்திருந்தவர்களுக்குச் சொத்துக்குப் பதிலாக நிறுவனப் பங்குகள் தரப்பட்டன. கல்லெல்லாம் பளிச்சென்று துடைத்து நிறுத்தப்பட்டது. பழைய சந்தையில் வியாபாரம் செய்தவர்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. அழகான அந்தத் தெருக்களைப் புகழ்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று மட்டும் கேட்பேன்.

நிலத்தை அரசே எடுத்துக்கொண்டால் தீருமா? வார்சாவில் 1945 அக்டோபர் 26 அன்று வந்த ஆணை, நகர எல்லைக்குள் இருந்த நிலம் அனைத்தையும் நகராட்சிக்கு மாற்றியது. நகரத்தை வேகமாகக் கட்ட அது பெரிதும் உதவியது. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் தீர்க்கப்படவில்லை. கம்யூனிச ஆட்சி முடிந்த 1989க்குப் பிறகு பழைய உரிமைகளை அடிமாட்டு விலைக்கு வாங்கிய தரகர்கள், வாடகைக்கு இருந்தவர்களை வெளியேற்றும் நிலை வந்தது. அந்த முறைகேடுகளை விசாரிக்க 2017இல் தனி ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது.

எங்கும் கவனிக்கப்படாமல் போகிறவர்கள் இரண்டு பிரிவினர். ஒன்று, வாடகைக்கு இருந்தவர்கள். மற்றொன்று, கணவன் பெயரிலோ மாமனார் பெயரிலோ பத்திரம் இருந்த வீட்டில் வாழ்ந்த பெண்கள். கணவன் காணாமல் போனவர் பட்டியலில் இருக்கும்போது, இறப்புச் சான்றிதழ் இல்லை, வாரிசுச் சான்றிதழ் இல்லை, இழப்பீடும் இல்லை. "காணாமல் போனவர்" என்பதை ஒரு சட்ட நிலையாக ஏற்று, அந்தச் சான்றின் பேரிலேயே மனைவிக்கு வீட்டுரிமை கொடுக்கும் விதி இல்லாத எந்தத் திட்டமும் பாதித் திட்டம்.

பழையபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா?

இரண்டுமே சரியாக வந்த நகரங்கள் உண்டு. வார்சா தன் பழைய நகரை, 18ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ தீட்டிய நகரக் காட்சி ஓவியங்களைக்கூடத் துணைக்கு வைத்துக்கொண்டு, சுவர் சுவராக மீட்டது. 1980இல் அது உலக மரபுச் சின்னமானது. ரோட்டர்டாம் பழையதை மீட்க முயலவே இல்லை. 1953இல் வாகனமே நுழையாத கடைவீதியாக லைன்பானைத் திறந்து, உலகுக்கே ஒரு புதிய மாதிரியைக் காட்டியது.

யார் முடிவு செய்தார்கள் என்பதே இதில் பெரிய கேள்வி. மோசுலில் 2017 ஜூனில் தகர்க்கப்பட்ட அல்-ஹத்பா என்ற பள்ளிவாசல் கோபுரம், முன்பு இருந்தபடியே சாய்ந்த நிலையில் மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. சாய்வு ஒரு பொறியியல் குறை என்று வெளியூர் நிபுணர் சொல்லலாம். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சாய்வுதான் கோபுரம். அதே திட்டத்தில் பழைய நகரின் 124 மரபு வீடுகளும் சீரமைக்கப்பட்டன. இளைஞர்கள் கல்தச்சும் மரவேலையும் கற்றார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்.

வீட்டை அரசு கட்டித் தருவது நல்லதா, பணத்தைக் கொடுத்து உரிமையாளரையே கட்டச் சொல்வது நல்லதா?

தனி வீடுகளுக்கு, இரண்டாவது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியுடன் சுமார் 46,000 வீடுகள் இந்த முறையில் கட்டப்பட்டன. புதிய வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய். அடித்தளம், சுவர், கூரை என்று வேலை நகர நகரத் தவணையாக வங்கிக் கணக்குக்கு வந்தது. அறை எங்கே, வாசல் எந்தப் பக்கம், சமையலறை எப்படி என்பதைக் குடும்பமே முடிவு செய்தது. பெரும்பாலும் கிராமங்களில் நடந்த திட்டமென்றாலும் நகரத்துக்கும் பொருந்தும் பாடம் இது. குறையும் இருந்தது: சிமெண்டும் மணலும் விலையேற, பல குடும்பங்கள் மீதியைக் கடனில் கட்டின. தொகையை விலைவாசியோடு இணைக்காவிட்டால் உதவியே கடனாகிவிடும்.

பிறகு அதே பகுதிக்கு 65,000 எஃகு வீடுகள் முன்மொழியப்பட்டன. ஒன்று சுமார் 21 லட்சம் ரூபாய். அந்த வெப்பத்துக்கு எஃகு வீடு ஏற்றதல்ல, உள்ளூர்க் கொத்தனாருக்கு இதில் வேலையும் இல்லை என்று பொறியியல் அறிஞர்களும் மக்கள் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தார்கள். திட்டம் அந்த அளவில் நடக்கவில்லை. நல்ல வேளை.

அடுக்குமாடிகளுக்கு இது அப்படியே பொருந்தாது. மூன்றாம் மாடிக்காரர் மட்டும் தன் வீட்டைக் கட்டிக்கொள்ள முடியாது. தூணும் கூரையும் எல்லோருக்கும் பொது. அங்கே குடியிருப்போர் சங்கத்துக்குச் சட்ட அங்கீகாரமும் பொது நிதியும் முதலில் வேண்டும்.

தலைக்கு மேல் கூரை இல்லாதவரிடம் சுற்றுச்சூழலைப் பேசுவது நியாயமா?

நியாயம்தான், சரியான மொழியில் பேசினால். உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. பாதி நிற்கும் கட்டடத்தைச் சோதித்துப் பலப்படுத்தினால், அந்தப் புகையும் மிச்சம், பணமும் மிச்சம், குடும்பம் பல மாதங்கள் முன்பே வீடு திரும்பும். குளிர்நாட்டில் சுவருக்கும் ஜன்னலுக்கும் வெப்பக் காப்பு போட்டுக் கட்டினால், அடுத்த குளிர்காலத்தில் மின்சாரம் போன இரவிலும் வீட்டுக்குள் உயிர் பிழைக்கலாம்.

சரயேவோ முற்றுகை 1,425 நாட்கள் நீடித்தது. பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் இருந்த மரங்களை மக்கள் விறகுக்கு வெட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் மரம் நடுவதை ஆடம்பரம் என்று என்னால் சொல்ல முடியாது.

"மீள்திறன்", அதாவது அடி வாங்கியும் மீண்டெழும் வலிமை, என்றால் குண்டுவீச்சுக்குப் பழகிக்கொள்வதா?

உக்ரைனின் கார்கிவ் நகரில் 2023 முதல் மெட்ரோ ரயில் நிலையங்களுக்குள் வகுப்பறைகள் இயங்கின. 2024இல் முழுக்க நிலத்தடியிலேயே கட்டப்பட்ட பள்ளி திறக்கப்பட்டது. அந்த ஆசிரியர்களை வணங்குகிறேன். ஆனால் குழந்தை வெயில் படாமல் படிப்பதை ஒரு சாதனையாக உலகம் ஏற்றுக்கொள்ளக் கூடாது. குடிமக்கள் உயிர்வாழத் தேவையான குடிநீர் அமைப்புகளைத் தாக்குவது 1977ஆம் ஆண்டு ஜெனிவா கூடுதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. 2021இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2573ஆம் தீர்மானமும் அதையே வலியுறுத்தியது. தாங்கும் நகரத்தைக் கட்டுவது பொறியாளரின் கடமை. தாக்கியவரைப் பொறுப்பேற்க வைப்பது அந்தக் கடமையின் மறுபாதி; முதலாவதைப் பேசி இரண்டாவதை மறக்கடிக்கும் பேச்சை நான் ஏற்பதில்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வரும்?

உக்ரைனுக்கு மட்டும் பத்தாண்டுகளில் 52,400 கோடி டாலர் தேவை என்று 2025 பிப்ரவரியில் உலக வங்கியும் ஐ.நா.வும் ஐரோப்பிய ஆணையமும் உக்ரைன் அரசும் சேர்ந்து கணித்தன. எந்த ஒரு நன்கொடையாளரும் இதைத் தனியாகத் தர முடியாது. மானியம், கடன், போர் தொடுத்த நாட்டிடமிருந்து இழப்பீடு எல்லாம் கலந்துதான் வரும். ஒப்பந்தம் ஒவ்வொன்றும் எவருக்கு, எவ்வளவுக்குப் போனது என்பதை எவரும் இணையத்தில் பார்க்க முடிய வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் இரண்டாம் தவணை வராது.

இரண்டாகப் பிளந்த நகரத்தைச் சேர்த்துத் திட்டமிட முடியுமா?

முடியும் என்பதற்கு சைப்ரஸின் தலைநகர் நிக்கோசியா சாட்சி. 1974இல் சைப்ரஸ் பிளவுபட்டு, நகரின் நடுவே தடுப்புக் கோடு விழுந்தது. சாக்கடைக் குழாய்கள் கோட்டின் இரு பக்கமும் ஓடின. 1978இல் கிரேக்கத் தரப்பின் மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாடிசும் துருக்கியத் தரப்பின் முஸ்தபா அக்கின்ஜியும் பேசி, இரு தரப்புக்கும் ஒரே கழிவுநீர் அமைப்பு என்று முடிவெடுத்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் வடக்கே. தெற்கின் கழிவுநீரும் அங்கேதான் போகிறது. அந்தப் பழக்கத்திலிருந்து முழு நகரத்துக்கும் பொதுவான திட்டமும் பிறந்தது. அரசியல் தீர்வு இன்றுவரை வரவில்லை. பொஸ்னியாவின் மோஸ்தாரில் 2004இல் பழைய பாலத்தை அழகாகக் கட்டினார்கள். ஆனாலும் பிள்ளைகள் பலர் இனவாரியாகப் பிரிந்தே படிக்கிறார்கள். எனவே பாலத்தைவிடச் சாக்கடையில் தொடங்குங்கள் என்பேன்.

இன்னும் போர் நடக்கும் நகரத்தில் இருக்கும் ஒரு சாதாரணக் குடும்பம் இப்போதே என்ன செய்யலாம்?

உயிர் முதலில். அதற்கு ஆபத்தில்லாத நேரத்தில், வீட்டுப் பத்திரம், வரி ரசீது, மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், பிறப்பு, திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் நம்பகமான இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள். பத்திரம் இல்லையென்றால் ரசீதும் சாட்சியாகும். வீட்டை நான்கு பக்கமும், ஒவ்வோர் அறையாகவும், தெருவும் பக்கத்து வீடும் தெரியும்படி, தேதியோடு படம் எடுங்கள். எல்லைக் கல் இருந்தால் அதையும் எடுங்கள். சேதம் நேர்ந்த பிறகு, சுத்தம் செய்யும் முன் மறுபடி எடுங்கள். அக்கம்பக்கத்தார் யார் யார், எந்த வீட்டில் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். பதிவேடு எரிந்துபோன ஊர்களில் ஒருவருக்கொருவர் சொன்ன சாட்சியமே வீட்டைத் திரும்பப் பெற்றுத் தர உதவும். பத்திரம் ஆண் பெயரில் மட்டும் இருந்தால், சட்டம் இடம் தரும் நாட்டில், மனைவியின் பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.